பரிசுக்குக் கடையும் பம்பரம்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

பரிசாக வந்த பம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது நிறம். கையில் எடுத்து ஒருமுறை சுழற்றியதும் நிறம் மறந்துபோகும். நிற்கிறதா, தள்ளாடுகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் இங்கே முதலில் ஆட்டம், பிறகு கடைசல் முகம், கடைசியாக நிறம் என்ற வரிசை. பட்டறையிலும் இதே வரிசையில் போங்கள். நிறம் ஏற்றிய பிறகு ஆட்டத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நிறமும் கெடும், ஆட்டமும் முழுதாகத் திருந்தாது.

கீழே வரும் எண்கள் இரண்டு வகைப் பம்பரங்களுக்கானவை. ஒன்று விரலால் சுண்டிவிடும் காம்புப் பம்பரம்: விட்டம் 50 மி.மீ., முனையிலிருந்து உடலின் மேல்முகம் வரை 20 முதல் 22 மி.மீ., அகன்ற விளிம்பு தரையிலிருந்து 13 மி.மீ. உயரத்தில், காம்பு 28 மி.மீ. நீளம், 5 மி.மீ. தடிமன். மற்றது ஆணி வைத்த சாட்டைப் பம்பரம்: விட்டம் 55 மி.மீ., மரத்தின் உயரம் 65 முதல் 70 மி.மீ., ஆணி 4 மி.மீ. தடிமன், வெளியே 10 முதல் 12 மி.மீ. நீட்டல். வேறு அளவில் கடைந்தால் இதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கோளாறைத் தேடுமுன் மூன்று சோதனை

முதல் சோதனை கண்ணாடி மேல். சமமாக வைத்த கண்ணாடித் துண்டில் சுழற்றி, காம்பின் நுனியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். நுனி கூர்மையாக, ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. மங்கி, இரட்டைக் காம்பு போலத் தெரிந்தால் எடையிலோ முனையிலோ கோளாறு. நுனி கூர்மையாகவே இருந்து, தலை மட்டும் மெதுவாக வட்டமடித்தால் அது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் தேவையில்லாத இடத்தில் மரத்தைத் தேய்த்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, உருட்டல். அதே கண்ணாடியில் பம்பரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து மெதுவாக உருட்டி, தானாக நிற்கவிடுங்கள். அடியில் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. நாலைந்து முறை உருட்டியும் அதே இடம் அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் வந்தால் எடையில் குறை இல்லை.

மூன்றாவது, பென்சில். காம்பைச் சுற்றி ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில் சக்கில் (டிரில்லின் பிடிவாயில்) லேசாகப் பிடித்து 300 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 300 சுற்று) வேகத்தில் ஓடவிடுங்கள். நிலையாக வைத்த பென்சில் நுனியை முனையின் அருகே கொண்டுபோனால், முனை ஒரே இடத்தில் நிற்கிறதா, சின்ன வட்டம் போடுகிறதா என்பது தெரிந்துவிடும். வட்டம் போட்டால் முனை அச்சில் இல்லை.

சுழன்றதும் உடம்பெல்லாம் அதிர்கிறது, காம்பு இரட்டையாகத் தெரிகிறது

பத்தில் எட்டுக்கு இதற்குக் காரணம் முனைதான். கடைந்து முடித்து, முனைப் பக்கமாக அறுத்து எடுத்து, மிச்சமிருக்கும் குமிழைக் கையில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது பலரின் பழக்கம். கைத்தேய்ப்பில் முனை அரை மில்லிமீட்டர் ஒதுங்கினாலும் போதும், முழுப் பம்பரமும் ஒதுங்கிய புள்ளியைச் சுற்றி ஆடும்.

இதைத் திருத்துவதைவிட வேலை வரிசையை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) முனையை டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) பக்கமும் காம்பைச் சக் (சுழற்றும் பிடி) பக்கமும் வையுங்கள். காம்பு இருக்கும் இடம் இன்னும் 20 மி.மீ. தடிமனாக இருக்கும்போதே டெயில்ஸ்டாக்கை நகர்த்திவிட்டு, சாய் உளியால் (வாய் சரிவாக உள்ள உளி) மெல்லிய சீவல்களாக முனையைக் கடைந்து முடியுங்கள். உப்புத்தாள் போடுவதும் லேத் ஓடும்போதே. பிறகு உடலின் மேல்முகம், அதற்குப் பின் நிறம், கடைசியில்தான் காம்பு மெலிய வேண்டும். அறுபடும் இடம் காம்பின் மேல்நுனி. அங்கே கையால் தேய்ப்பதில் சிறு பிசகு வந்தாலும் ஆட்டத்தைக் கெடுக்காது.

ஏற்கெனவே அறுத்து எடுத்த பம்பரம் என்றால், மூன்றாவது சோதனையில் சொன்னதுபோல டிரில் சக்கில் பிடித்து, 400 ஆர்.பி.எம். தாண்டாமல், 220 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் ஒட்டி முனையின் மேல் நிலையாக வையுங்கள். விரலில் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரல் முனையின் போக்கிலேயே போகும், கட்டை போகாது.

முனை சரியாக இருந்தும் அதிர்ந்தால் இரண்டாவது சோதனைக்குப் போங்கள். ஒரு பக்கம் வைரமும் (கறுத்த உள்மரம்) மறுபக்கம் வெளிறும் (வெளுத்த புறமரம்) கலந்த கட்டையில் எடைக் குறை நிச்சயம் வரும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று இரு நிறம் ஓடும் ஈட்டி மரத் துண்டை எடுக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கனமான பக்கத்தில், விளிம்புக்கு 3 மி.மீ. உள்ளே, அடிமுகத்தில் 3 மி.மீ. பிட்டால் 2 மி.மீ. ஆழம் துளையுங்கள். மறுபடி உருட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் ஆழத்தைக் கூட்டுங்கள், பக்கத்திலேயே இன்னொரு துளை வேண்டாம். லேசான பக்கத்தில் ஈயம் வைத்து எடை கூட்டும் வழியும் உண்டு. குழந்தை கையில் போகும் பொருளில் ஈயத்துக்கு இடமே இல்லை.

நேராக எழாமல் சாய்ந்தே வட்டமடிக்கிறது

காம்பு நுனி கூர்மையாகத் தெரிகிறது, ஆனால் பம்பரம் உறங்குவதே (ஆடாமல் நேராக நின்று சுழல்வதே) இல்லை, தலை வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறது. இது முனை அளவுக்கு மீறிக் கூராக இருப்பதன் அடையாளம்.

உருண்டையான முனை தரையைத் தொடுவது சரியாக அச்சின் மேல் அல்ல; சாய்ந்த பக்கமாகச் சற்றுத் தள்ளி. அந்த இடத்தில் முனை தரையில் வழுக்கும்போது ஏற்படும் உராய்வுதான் பம்பரத்தை நிமிர்த்துகிறது. ஊசி முனையில் இந்த விலகல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் நிமிர்த்தும் விசையும் இல்லை. போதாததற்கு ஊசி முனை மேசையில் குழி பறிக்கும். முனையின் வளைவு ஆரம் 1 முதல் 1.5 மி.மீ. இருக்கட்டும். 2 மி.மீ. தாண்டினால் விரைவாக நிமிரும், ஆனால் உராய்வு கூடி ஓட்டம் குறையும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் 2 மி.மீ. பக்கம் சாயலாம், ஏனென்றால் அவர்கள் விரலிலிருந்து பம்பரம் பெரும்பாலும் சாய்ந்துதான் புறப்படும்.

விளிம்பு தாழ்வாக இருந்தாலும் இப்படி ஆகும், கூடவே சர்ரென்று உரசும் சத்தம் வரும். விளிம்பு 13 மி.மீ. உயரத்தில் இருந்தால் பம்பரம் ஏறத்தாழ 27 பாகை வரை சாயலாம். 8 மி.மீ. உயரம் என்றால் 17 பாகையிலேயே தரையைத் தொட்டுவிடும். கடைந்த பிறகு விளிம்பை உயர்த்த முடியாது. அடிமுகத்தை முனையிலிருந்து விளிம்பு வரை லேசாகக் குழித்து, விளிம்பின் கீழ் மூலையை 2 மி.மீ. உருட்டிவிடலாம். ஓரளவு பலன் உண்டு.

சீக்கிரம் விழுந்துவிடுகிறது

நன்றாகக் கடைந்த 50 மி.மீ. பம்பரம் வழுவழுப்பான பரப்பில் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உருண்டை வடிவப் பம்பரத்தில் மரத்தின் பெரும்பகுதி அச்சுக்கு அருகிலேயே கிடக்கிறது. அதே எடையை விளிம்புக்குத் தள்ளினால் சுழற்சி நீடிக்கும். மேல்முகத்தில் காம்பைச் சுற்றி 3 மி.மீ. குழித்து, விளிம்பைத் தடிமனாக விடுங்கள்.

காம்பின் தடிமனும் கணக்கில் வரும். மெல்லிய காம்பு ஒரே விரல் நகர்வில் அதிகச் சுற்று கொடுக்கும். ஆனால் கனமான உடலுக்கு 4 மி.மீ. காம்பு போட்டால் விரல் வழுக்கும், சுற்றே ஏறாது. கொய்யா, ஈட்டி, புளி போன்ற கனமான மரத்துக்கு 6 மி.மீ., வெட்பாலை போன்ற லேசான மரத்துக்கு 4.5 முதல் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பின் மேல் பாதிக்குப் பளபளப்பு ஏற்றாமல் விட்டால் பிடி கிடைக்கும்.

ஒரே திசையில் ஓடி மேசையிலிருந்து விழுந்தால் மேசைதான் சாய்வு. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். திசை மாறி மாறி ஓடினால் முனையில் தட்டையான வெட்டு இருக்கும், பூதக்கண்ணாடியில் தெரியும். பரிசாகக் கொடுக்கும்போது நடுவில் லேசாகக் குழிந்த ஒரு தட்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம். 150 மி.மீ. அகலத் தட்டு போதும், பம்பரம் தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும்.

செய்தபோது நன்றாக ஆடியது, ஒரு மாதம் கழித்து ஆடவில்லை

மரம் காயாமல் இருந்திருக்கிறது. ஆண்டு வளையத்தின் ஓட்டத்திலே மரம் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவமாகும். வெர்னியரால் விட்டத்தை இரு திசையில் அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டரில் 0.3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் அதுவே. இதைத் திருத்த மெனக்கெட வேண்டாம், புதிதாகக் கடைவது சுலபம்.

தடுக்க வேண்டுமானால், கட்டையை 56 மி.மீ. விட்டத்துக்கு முரட்டுக் கடைசல் செய்து, இரு வெட்டு முகங்களிலும் மெழுகோ வெள்ளைப் பசையோ பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் கட்டையிலேயே எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறவில்லை என்றால் அந்த ஊரின் காற்றுக்கு ஏற்றபடி காய்ந்துவிட்டது. பச்சைக் கொய்யாவுக்கு இதைத் தவறாமல் செய்ய வேண்டும். கொய்யா இறுக்கமான, நெருங்கிய நாரோட்டம் கொண்ட அருமையான பம்பர மரம், ஆனால் அவசரப்பட்டு வெயிலில் போட்டால் நட்சத்திரம் போலப் பிளக்கும். மரத்தின் நடுத்தண்டு கட்டைக்குள் இருந்தால் எவ்வளவு பொறுமையாகக் காயவைத்தாலும் வெடிக்கும். கிளையை நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டை ஒதுக்கிவிட்டுத்தான் கட்டை எடுக்க வேண்டும்.

சாட்டைப் பம்பரத்தில் ஆணி அடிக்கும்போது மரம் பிளக்கிறது, அல்லது ஆணி கோணலாகிறது

ஆணி இறங்குவது நாரோட்டத்தின் வெட்டு முகத்தில். அங்கே ஆணி ஆப்பு போலச் செயல்பட்டு நார்களைப் பிரிக்கும். துளையிடாமல் சுத்தியலால் அடிப்பதுதான் தவறு. பம்பரம் சக்கில் இருக்கும்போதே, டெயில்ஸ்டாக்கில் டிரில் சக் மாட்டி, 500 ஆர்.பி.எம். வேகத்தில் 3.5 மி.மீ. பிட்டால் 30 மி.மீ. ஆழம் துளையுங்கள். கண் மதிப்பில் கை டிரில்லால் போடும் துளை அச்சில் அமைவது அபூர்வம். ஆணியின் தலையை வெட்டி, வெட்டிய முனையைச் சற்றே சரித்து அரத்தால் ராவி, சோப்பு தடவி, அதே டெயில்ஸ்டாக்கால் நெருக்கி உள்ளே தள்ளுங்கள். சுத்தியலே வேண்டாம்.

வெளியே நிற்கும் முனையை அரத்தாலும் உப்புத்தாளாலும் லேத்திலேயே உருட்டிவிடுங்கள். கூரான ஆணி சிமெண்ட் தரையில் நன்றாகக் கடிக்கும், ஆக்கர் ஆட்டத்துக்கு எதிராளியின் பம்பரத்தையும் குத்தும். பரிசுப் பம்பரத்துக்கு அந்தக் கூர் தேவையில்லை, கால் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

கொஞ்ச நாளில் ஆணி தளர்ந்தால் துளை அகலமாகியிருக்கிறது. ஆணியை உருவி, துளைக்குள் எபாக்சி இரண்டு சொட்டு விட்டு, மறுபடி தள்ளி, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

சாட்டை வழுக்குகிறது, சுற்று நிற்கவில்லை

அழகு பார்த்து முழு உடலுக்கும் பளபளப்பு ஏற்றியதன் விளைவு. நூல் சுற்றும் கீழ்ப்பகுதியில் சாய் உளியின் நுனியால் 4 மி.மீ. இடைவெளியில், 1 மி.மீ. ஆழத்தில் வரி வெட்டுங்கள். அங்கே நிறம் வேண்டுமானால் மெல்லிதாக ஏற்றலாம், மெருகு மட்டும் வேண்டாம். நைலான் கயிறு எதிலும் நிற்காது. 3 மி.மீ. பருத்திக் கயிறுதான் சரி.

நீளம் எவ்வளவு? கூம்புப் பகுதியின் சராசரி விட்டம் 35 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 110 மி.மீ. கயிறு போகும். பன்னிரண்டு சுற்றுக்கு 1.3 மீட்டர், விரலில் மாட்டும் கண்ணிக்கு இன்னும் 20 செ.மீ. இதைவிட நீளமான கயிறு போட்டால் ஆணி தரையைத் தொடும்போது கயிறு முழுதும் அவிழ்ந்திருக்காது, பம்பரம் கயிற்றோடு இழுபட்டுக் கவிழும். கைப்பிடி முனையில் நசுக்கிய சோடா மூடியைக் கோக்கும் வழக்கம் உண்டு. பரிசுக்கு என்றால் அந்த இடத்தில் மிச்சமான அதே மரத்துண்டில் ஒரு வட்டப் பொத்தான் கடைந்து போடுங்கள். தகர விளிம்பு கையைக் கிழிக்கும் பயம் இல்லை, பார்க்கவும் சோடியாக இருக்கும்.

காம்பில் சுருள் சுருளாக அதிர்வுக் கோடு, அல்லது காம்பே முறிகிறது

மெலிந்த காம்பு உளியின் அழுத்தத்துக்கு வளைந்து, திரும்பி, மறுபடி வளைகிறது. அந்த வளைவுதான் சுருள்கோடு. உப்புத்தாளால் அழிக்க முயன்றால் மேடு தேயாமல் மொத்தக் காம்பும் மெலியும்.

பெரும்பாலும் உளி மழுங்கியிருக்கும், அல்லது கம்பி போலக் காம்பு மெலிந்த பிறகு நடுவில் மறுபடி கைவைத்திருப்பார்கள். சாய் உளியைப் புதிதாகத் தீட்டி, காம்பைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக முடித்துக்கொண்டே உடலிலிருந்து சக்கை நோக்கிப் போங்கள். முடித்த பகுதிக்குத் திரும்பி வராதீர்கள். இடது கை விரல்களைக் காம்பின் பின்புறம் லேசாகத் தாங்கலாகக் கொடுக்கலாம். விரல் சுடும் அளவுக்கு அழுத்தினால் அது தாங்கல் இல்லை, தள்ளல். கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்யவே கூடாது, சுழலும் காம்பு துணியைச் சுற்றி இழுத்துவிடும். தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த முழுக்கை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

காம்பு உடலோடு சேரும் இடத்தில் பளிச்சென்று முறிந்தால் இரண்டைப் பாருங்கள். அந்த மூலையைச் செங்கோணமாக வெட்டாமல் 3 மி.மீ. ஆர வளைவாக விட்டிருக்கிறீர்களா? நாரோட்டம் அச்சுக்கு இணையாக ஓடுகிறதா, குறுக்கே சரிந்து வெளியேறுகிறதா? இரண்டாவது குறையை எந்த உளியாலும் சரிசெய்ய முடியாது. கட்டை தேர்வு செய்யும்போதே ஒதுக்க வேண்டும்.

அடிமுகத்தில் நார் கிளம்பிச் சொரசொரப்பாக இருந்தால் வெட்டும் திசை தப்பு. அகன்ற விட்டத்திலிருந்து குறுகிய விட்டத்தை நோக்கித்தான் உளி போக வேண்டும்.

நிறம் ஏற்றிய பிறகு வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது

150 எண்ணிலிருந்து நேராக 400-க்குத் தாவியிருப்பீர்கள். 150, 220, 320, 400 என்று படிப்படியாகப் போங்கள், வேகம் 700 ஆர்.பி.எம். போதும். ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, நாரோட்டத்தின் வழியே கையால் நாலு இழுப்பு. அடுத்த எண்ணுக்கு முன் தூசியைத் துடைத்துவிடுங்கள். உதிர்ந்த முரட்டு மணல் ஒன்று ஒட்டியிருந்தாலும் 400 எண் தாளே கீறும்.

அரக்கு ஒட்டவில்லை, கட்டிகட்டியாக நிற்கிறது, வெடிக்கிறது

அரக்குக் கடைசல்தான் பம்பரத்துக்கு மிகப் பொருத்தமான அலங்காரம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பும் கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இந்தக் கடைசல் மரபில் வந்தவை. சென்னபட்டணத்தில் அதற்கு எடுக்கும் மரம் நம்மூர் வெட்பாலைதான்: வெளுத்த நிறம், நெருங்கிய நார், அரக்கின் நிறம் சுத்தமாக எழும். சுழலும் மரத்தில் நிற அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும், தாழை மடலால் அழுத்திப் பரப்பினால் மெருகு வரும். தூரிகையும் கிடையாது, காயும் நேரமும் கிடையாது.

ஒட்டவில்லை என்றால் முதலில் மரத்தின் மேல் எண்ணெயோ மெழுகோ பட்டிருக்கிறதா என்று யோசியுங்கள். உப்புத்தாள் போடும்போது தேன்மெழுகு தடவும் பழக்கம் இருந்தால் அரக்கு வேலைக்கு அதை விட்டுவிட வேண்டும். பட்டிருந்தால் ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூத் தாளால் லேத் ஓடாத நிலையில் துடைத்து, 320 எண் தாளால் புதிய முகம் எடுங்கள்.

விளிம்பில் அழகாக ஏறிய அரக்கு காம்பில் ஏறவே இல்லை என்பது அடிக்கடி வரும் புகார். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1,500 ஆர்.பி.எம். வேகத்தில் 50 மி.மீ. விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 3.9 மீட்டர் ஓடுகிறது. அதே வேகத்தில் 6 மி.மீ. காம்பு ஓடுவது அரை மீட்டர்கூட இல்லை. எட்டில் ஒரு பங்கு ஓட்டத்தில் சூடு எப்படிப் பிறக்கும்? வேகத்தை 2,500-க்கு ஏற்றுங்கள். காம்பு ஆடாமல் இருக்க டெயில்ஸ்டாக்கை மெத்தென்ற ரப்பர் துண்டு வைத்து முனைமேல் லேசாகத் தாங்கவிடுங்கள். அரக்குக் குச்சியின் நுனியை ஒரு விளக்கில் நொடிப்பொழுது காட்டி இளக்கிக்கொண்டு தொட்டால் இன்னும் சுலபம். குச்சியைக் காட்டும்போது லேத் பக்கத்தில் மரச் சீவல் குவிந்திருக்கக் கூடாது.

கட்டிகட்டியாக நிற்பது குச்சியை ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்துவதால். தொட்ட நொடியிலிருந்து குச்சி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஏறிய பிறகு தாழை மடலை மடித்து, அதன் தட்டையான முகத்தால் அழுத்துங்கள். அப்போது கவனித்துப் பாருங்கள்: முதலில் மங்கலாக, வரிவரியாக இருக்கும் அரக்கு, சூடு சேர்ந்ததும் ஒரு ஓரத்திலிருந்து ஈரம் போல மினுங்கத் தொடங்கும், அந்த மினுக்கம் மடலைத் தொடர்ந்து நகரும். மினுக்கம் முழுச் சுற்றும் பரவியதும் மடலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் அரக்கு தெறிக்கும், மஞ்சள் பழுப்பாகும்.

வெடிப்பு விழுந்தால் பூச்சு தடிமன். அரக்கு இயல்பிலேயே நொறுங்கும் பொருள். மரத்தின் நாரோட்டம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சுதான் கீழே விழுந்தாலும் தாங்கும். குமிழ் குமிழாக வந்தால் மரத்தில் ஈரம். மழைக்காலத்தில் பூச்சு பால் போல வெளுத்தாலும் ஈரம்தான், மடலால் மீண்டும் சூடேற்றினால் பெரும்பாலும் தெளியும்.

இரண்டு நிறம் சந்திக்கும் இடம் கலங்கினால் வெளிர் நிறத்தை முதலில், அடர் நிறத்தைப் பிறகு ஏற்றுங்கள். எல்லையில் சாய் உளியின் நுனியால் அரை மில்லிமீட்டர் வரி வெட்டினால் கோடு கத்தி போல நிற்கும். மஞ்சள் பொடியால் எடுத்த நிறம் வெயிலில் வெளுக்கும். ஜன்னலோரக் கண்ணாடி அலமாரிக்குப் போகும் பம்பரத்துக்கு அதைத் தவிர்க்கலாம்.

பேனா நிறம் ஊறிப் பரவுகிறது, மேல்பூச்சில் கரைகிறது

மரத்தில் நேரடியாக மார்க்கர் வைத்தால் மை நாரின் வழியே ஓடும். முதலில் அடைப்புப் பூச்சு வேண்டும். 100 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டில் 10 கிராம் அவலரக்கு (செதில் செதிலான அரக்கு) கரைத்து இரு கை பூசி, காய்ந்ததும் 400 எண் தாளால் ஒருமுறை தடவினால் போதும். கரைத்து ஆறு மாதம் தாண்டிய கரைசல் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிறதா என்று சோதித்துவிட்டு எடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிரந்தர மார்க்கர்கள் பலவற்றில் மையைக் கரைத்திருப்பது ஆல்கஹால், அரக்கையும் கரைப்பது ஆல்கஹால். ஆகவே அரக்குப் பூச்சின் மேல் அந்தப் பேனா வைத்தால் அடிப்பூச்சு இளகும். பேனா மேல் அரக்குப் பூச்சு கொடுத்தால் கோடு இழுபடும். அரக்கு அடிப்பூச்சுக்குத் தண்ணீரில் கரைந்த அக்ரிலிக் பேனா, ஆல்கஹால் மார்க்கருக்கு அக்ரிலிக் அடிப்பூச்சு என்று சோடி சேருங்கள். வட்டக் கோடு போட லேத்தை 250 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடவிட்டு, உளித்தாங்கியில் கையை ஊன்றி, பேனா நுனி பின்னால் இழுபடும் சாய்வில் தொடுங்கள்.

கம்பியால் சுட்டுக் கோடு போடும்போது கறை அகலமாகப் பரவுகிறது என்றால் முதலில் உளியால் அரை மில்லிமீட்டர் வரி வெட்டவில்லை. வரிக்குள் இரும்புக் கம்பியை வைத்து 1,800 ஆர்.பி.எம். வேகத்தில் ஐந்தாறு நொடி அழுத்தினால் கறுத்த கோடு வரும். கம்பியின் இரு முனையிலும் மரக் கைப்பிடி கட்டாயம். விரலில் சுற்றிப் பிடித்தால், கம்பி சிக்கும்போது விரலும் போகும்.

நிறுத்தி வைத்தால் அழகு, சுழன்றால் நிறம் சாம்பல்

வட்ட வளையங்கள் சுழலும்போதும் அப்படியே தெரியும். துண்டு துண்டாகப் பிரித்து வரைந்த நிறங்களைச் சுழற்சியில் கண் கலந்து பார்க்கும். அந்தக் கலப்பு சாயக் கிண்ணத்தில் நடக்கும் கலப்பு அல்ல. மஞ்சளும் நீலமும் பாதிப் பாதி வரைந்தால் பச்சை வராது, ஏறக்குறைய சாம்பல்தான் தெரியும். சிவப்பும் பச்சையும் மங்கிய பழுப்பு மஞ்சளாகும். ஆரஞ்சு வேண்டுமா, சிவப்பும் மஞ்சளும் வையுங்கள். ஒன்றுக்கொன்று அருகில் உள்ள நிறங்களே துண்டுக்குத் துண்டு நன்றாகச் சேரும்.

பெரியவர்களுக்குப் பரிசு என்றால் பென்ஹாம் பம்பரம் அருமையான தேர்வு. 1890-களில் இங்கிலாந்தில் சார்லஸ் பென்ஹாம் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவம் அது: மேல்முகத்தில் பாதி முழுக் கறுப்பு, மறுபாதி வெள்ளையில் கறுப்பு வில்கோடுகள். சுழலும்போது அந்தக் கோடுகள் மங்கிய நிறங்களாகத் தெரியும். நிறம் தெரியவில்லை என்று சொல்பவர்கள் அதை மிக வேகமாகச் சுழற்றுகிறார்கள். நொடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று வரை வேகம் இறங்கும்போதுதான் நிறம் எழும். நல்ல வெளிச்சமும் வேண்டும். இந்தப் பம்பரத்துக்கு மட்டும் மேல்முகத்தைக் குழிக்காமல் தட்டையாக விடுங்கள், காம்பையும் குட்டையாக்குங்கள்.

பெட்டியைத் திறந்தபோது காகிதம் ஒட்டியிருக்கிறது, காம்பு உடைந்திருக்கிறது

அரக்கு 65 பாகை செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டி கிடந்தால் அதை நெருங்கிவிடும். அச்சடித்த காகிதத்தில் சுற்றாதீர்கள், பட்டர் பேப்பரோ உலர்ந்த பருத்தித் துணியோ போதும். கூரியரில் அனுப்புவதானால் அட்டையில் 50 மி.மீ. துளை வெட்டி உடலை அதில் உட்காரவையுங்கள், காம்பின் மேல் எதுவும் தொடாதபடி 10 மி.மீ. காலியிடம் இருக்கட்டும். நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிறவர்கள், பம்பரத்தை வெற்றிலையோடு ஒரே பையில் போடாமல் தனி உறையில் போட்டால் ஈரம் பட்டு வெளுக்காது.

குழந்தைகளுக்கான பம்பரத்தின் நிறத்தில் ஈயம், குரோமியம் போன்றவை இருக்கக் கூடாது. விலைக்கு விற்பதானால் இந்தியாவின் ஐ.எஸ். 9873 பொம்மைத் தரநிலை பொருந்தும். அதன் 3-ஆம் பகுதி இத்தகைய தனிமங்களைப் பற்றியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 31.7 மி.மீ. விட்ட உருளைக்குள் முழுதாகப் போய்விடும் அளவில் எந்தத் துண்டும் கொடுக்கக் கூடாது. 50 மி.மீ. பம்பரம் அதில் நுழையாது, ஆனால் சாட்டையில் கோத்த சின்னப் பொத்தான் நுழையும். அந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு 8 மி.மீ. தடித்த காம்பும் 2.5 மி.மீ. உருண்ட முனையும் வைத்த விரல் பம்பரம் மட்டும் அனுப்புங்கள், சாட்டைப் பம்பரம் வேண்டாம்.